அட்டை மாறிய ஆர்க்கிட்

அத்தியாயம் 17

ஏழு அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு எட்டாவதில் பெரியவள் எழுதி முடித்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அப்படி என்னதான் எழுதினாள் என்று கேட்டவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

'குப்பைக்குப் போன உன் செடிதான் இது. சாகவில்லை. — அக்கா.'

இதற்கா ஏழு அட்டை என்று சிரிக்காதீர்கள். செடியைப் பற்றி எழுதுவது பூக்கடைக்காரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் இருக்கிற அந்த ஒரு சொல்லைப் போடத்தான் கை வரவில்லை.

அக்காவும் தங்கையும் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் காரணத்தை இன்னொரு முறை சொல்கிறேன். சின்னவளின் கணவர், அதாவது மாப்பிள்ளை, வேலை பார்க்கும் மருந்து கம்பெனியில் ஒரு விழா. மேடைப் பூ வேலை பெரியவளுடையது. வாளியும் கத்திரியுமாக அவள் ஓரத்தில் நின்றிருந்தபோது, கம்பெனி டைரக்டர் அவளைக் காட்டி, "யார் இவங்க?" என்று கேட்டார். பல் டாக்டரான சின்னவள் சொன்ன பதில்: "தெரிஞ்சவங்க. பூ வேலை பாக்குறவங்க."

தெரிஞ்சவங்க! காலேஜில் தங்கை மெழுகில் பல் செதுக்கிப் பழக வேண்டும் என்றபோது தன் பூ வெட்டும் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவள், அவள் செதுக்கி முடிக்கும்வரை விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவள், தெரிஞ்சவங்களாம்! எழுதுகிற எனக்கே இன்னும் ஆறவில்லை. பெரியவளுக்கு எப்படி ஆறும்?

ஆறவில்லைதான். ஆனால் செடி பூத்துவிட்டது.

நான்கு வருடங்களுக்கு முன் சின்னவள் குடிபோன புது வீட்டுக்குப் பெரியவள் கொடுத்த வெள்ளை ஆர்க்கிட் அது. இரண்டு மாதம் பூ நின்றது. பூ உதிர்ந்து வெறும் குச்சி நின்றதும், 'செத்துப் போச்சு' என்று மாப்பிள்ளை தீர்ப்பு எழுதி, தொட்டியோடு கொண்டுபோய்க் குப்பையில் வைத்தார். அன்றைக்கென்று அங்கே போன பெரியவள் வாசலிலேயே அதைப் பார்த்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அழுகின வேரை வெட்டி, புது மரப்பட்டைத் துண்டுகளில் நட்டு, கடையின் பின் ஜன்னலில் வைத்தாள். மூன்று வருடம் இலை விட்டதே தவிர பூக்கவில்லை. இந்த வருடம் இரண்டு தண்டு கிளம்பியது. பதினொரு பூ, மூன்று மொட்டு.

அதே வாரம்தான் சின்னவள் சொந்தக் கிளினிக் திறக்கிற அழைப்பும் வந்தது. உறை மேல் 'உரிமையாளர், பூக்கடை' என்று விலாசம். மாப்பிள்ளையின் கையெழுத்து. பக்கத்து டயர் கடைக்கும் அதே மாதிரி ஓர் உறை வந்திருந்தது.

"கடைக்கு அழைப்பு வந்திருக்கு. கடை சார்பா செடி போகும். நான் போகல" என்றாள் பெரியவள். சொன்னது அப்படி. எழுதியது என்னவோ 'அக்கா'.

*

காலை ஏழரை மணிக்குச் செடி கிளம்பியது.

மற்ற கடைகளில் ஆர்க்கிட் தண்டைக் குச்சியோடு சேர்த்து பிளாஸ்டிக் கவ்வி போடுவார்கள். பெரியவள் நீலக் கம்பளி நூலால்தான் கட்டுவாள். கவ்வி தண்டைக் கடிக்குமாம். தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் முள்ளைக் குத்தி, அதில் அட்டையைச் செருகினாள். தொட்டியின் கழுத்தில் கடையின் பராமரிப்புச் சீட்டைக் கட்டினாள். வருடக்கணக்கில் எல்லாத் தொட்டியிலும் கட்டுகிற அதே சீட்டு. முன்பொரு காலத்தில் பெரியவள் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதியது. அதையேதான் நகலெடுத்து நகலெடுத்துக் கட்டுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரியவளே விழிப்பாள். தினமும் கட்டுகிற சீட்டை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

வேன் ஓட்டுவது அவள் கணவர். தெருவில் அவருக்கு நிதானம் என்று பெயர். முப்பதுக்கு மேல் வேக முள் ஏறினால் வேனே ஆச்சரியப்படும். 'பதறாத காரியம் சிதறாது' என்பார். சரிதான், இதுவரை ஒரு பூகூடச் சிதறியதில்லை. வாடிக்கையாளர்கள்தான் பொறுமை சிதறித் திட்டுவார்கள்.

அவர் திரும்பி வந்ததும் விசாரணை ஆரம்பித்தது.

"யார் வாங்கினா?"

"சின்னவதான்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கையில வாங்கினா. உள்ள ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க. நான் வந்துட்டேன்."

"அட்டையப் படிச்சாளா?"

"நான் செடிய இறக்குறவன். முகத்தப் பாத்து ரிப்போர்ட் எழுதுறவன் இல்ல."

"ரெண்டு நிமிஷம் நின்னு பாத்துட்டு வரக் கூடாதா? மத்த நாளெல்லாம் ஆமை. இன்னிக்கு மட்டும் என்ன பறக்குற அவசரம்?"

நிதானம் வாளிகளுக்குத் தண்ணீர் மாற்றப் போனார்.

பத்து மணிக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மேலதிகாரிக்குப் பெரிய ஆர்க்கிட் தொட்டி வேண்டும் என்றார். "அப்படியே வீட்டுல கொடுக்கவும் ஏதாவது வேணும். இன்னிக்குக் கல்யாண நாள். மீதி இருக்கிறதுல ஒண்ணு கட்டிக் குடுங்க."

"மீதியா?"

"ஆமா, சின்னதா."

"சார், ஆர்க்கிட்ட வீட்டுக்குக் கொண்டு போங்க. ரெண்டு மாசம் நிக்கும், தினமும் பாப்பாங்க. ஆபீசருக்கு ரோஜா போதும். நாலு நாள்ல அது வாடுறதுக்குள்ள அவருக்கு உங்க பேரு மறந்துடும்."

அவர் ஒன்றுமே வாங்காமல் போனார். வியாபாரத்தில் இதெல்லாம் கூடாதுதான். ஆனால் பெரியவள் மேல் எனக்குக் கோபமில்லை. கூழைக் கும்பிடுக்குத் தொட்டியும், கூட வாழ்கிறவளுக்கு மீதியும் என்றால் யாருக்குத்தான் பற்றி எரியாது?

பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. போன் வந்தபோதெல்லாம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஒருமுறை வங்கிக் கடன் வேண்டுமா என்றார்கள். இன்னொரு முறை யாரோ டயர் கடையா என்றார்கள். தங்கையின் எண் வரவேயில்லை.

மூன்று மணிக்குப் பையை எடுத்து மாட்டினாள்.

"ஏ.சி. காத்து நேரா பட்டா மொட்டு கொட்டிடும். எங்க வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"தங்கச்சியப் பாக்கணும்னா போய்ப் பாரு" என்றார் நிதானம். "அதுக்கு ஏ.சி.ய ஏன் இழுக்குற?"

*

கிளினிக்கில் புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நாற்காலிகளின் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. காகிதக் கோப்பையில் ஆரஞ்சு ஜூஸ் வைத்துக்கொண்டு முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

சுவரோரம் வந்திருந்த பூங்கொத்துகளைப் பெரியவளின் கண் ஒரு முறை எடை போட்டது. பாலிதீனில் மூச்சுத் திணறும் ஜெர்பரா. கழுத்துக்குள் கம்பி குத்தி நிமிர்த்தியிருந்தார்கள். மகரந்தத்தைக் கிள்ளாமல் அனுப்பிய லில்லி; எந்த வெள்ளைக் கோட்டில் மஞ்சளாக ஒட்டப் போகிறதோ.

அவளுடைய ஆர்க்கிட் வரவேற்பு மேஜையின் நட்ட நடுவில் நின்றது. மேலே ஏ.சி. இல்லை. மொட்டு மூன்றும் பத்திரம். பதினான்கு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் சற்றே அசைந்தது. நடுவில் வைத்திருக்கிறாளே!

கிட்டப் போய் அட்டையைப் பார்த்தாள்.

தங்கக் கரை போட்ட அட்டை. 'நல்வாழ்த்துகளுடன், மேனேஜிங் டைரக்டர்' என்று இருந்தது.

அதே முள். அதே தொட்டி. நீலக் கம்பளி நூல் அவள் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது. அட்டை மட்டும் வேறு.

பக்கத்திலேயே அந்த டைரக்டர் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள், "சார், உங்க ரசனையே தனி!" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? 'நான் அனுப்பவில்லையே, ஏதோ தவறு' என்று சொல்ல வேண்டும். அவரோ தொட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பாத்துப் பாத்து எடுக்கச் சொன்னேன். இதெல்லாம் நம்ம ஊர்க் கடையில கிடைக்காதும்மா. வெளிநாட்டுலேர்ந்து வரணும்."

அனுப்பாத பூவுக்குப் பாராட்டு வாங்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அதைக் கடவுள் சிலருக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறான்.

"வெளிநாட்டுலேர்ந்து இல்ல சார்" என்றாள் பெரியவள். "குப்பைத் தொட்டியிலேர்ந்து."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜூஸ் தட்டோடு வந்த மாப்பிள்ளை அப்படியே நின்றார்.

"அண்ணி, ப்ளீஸ். இங்க வேண்டாம்."

"எங்க வேணும்? நான் எழுதின அட்டை எங்க மாப்பிள்ளை?"

"அப்புறம் பேசலாம் அண்ணி. சார் இருக்காரு."

"சார் இருக்கட்டும். என் அட்டை எங்க?"

டைரக்டர் புருவத்தை உயர்த்தினார். மாப்பிள்ளையிடம் கேட்டார்: "யார் இவங்க?"

பதினான்கு மாதத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி. அதே குரல். பூ வேலை செய்கிறவர்களின் முகம் இவருக்கு எத்தனை முறை பார்த்தாலும் பதியாது போலிருக்கிறது.

"வந்து சார்... பூக்கடை..." என்று மாப்பிள்ளை மென்று விழுங்கினார்.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டும் முகக்கவசமுமாகச் சின்னவள் வெளியே வந்தாள். கண் மட்டும் தெரிந்தது.

"சார், அவங்க என்—"

"சொல்லாத!" பெரியவளின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தெரிஞ்சவங்கதான். பூ வேலை பாக்குறவங்க. எனக்கு மனப்பாடம், நீ சிரமப்படாத."

"அக்கா, ஒரு நிமிஷம்..."

"அட்டையக்கூடப் பிடுங்கிப் போட்டுட்டியே! அக்கான்னு எழுதினது அவ்வளவு கேவலமா போச்சா? அன்னிக்கு வாயால இல்லைன்னு சொன்ன. இன்னிக்கு அதையும் எடுத்தெறிஞ்சுட்ட."

சின்னவளின் கை கோட்டுப் பக்கம் போனது. பெரியவள் அதைப் பார்க்கவில்லை. தங்கக் கரை அட்டையை உருவி மேஜை மேல் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கினாள்.

"இது செத்துப் போச்சுன்னு ஒருத்தர் தூக்கிப் போட்டாரு. இன்னொருத்தர் தன்னோடதுன்னு சொல்றாரு. ரெண்டு பேருக்கும் இது வேண்டாம்."

கூட்டம் ஒதுங்கி வாசல் வரை வழி விட்டது. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளியபோது ஒரு பூ கதவிடுக்கில் மாட்டி முறிந்து தரையில் விழுந்தது. அவள் குனியவில்லை.

*

பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். யாரோ, "ஒரிஜினலா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார்கள். அவள் பார்த்த பார்வையில் அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

கடைக்கு வந்து நடந்ததையெல்லாம் கொட்டினாள். கேட்டு முடித்த நிதானம் தொட்டியை மேஜை மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பட்டைத் துண்டுகளில் விரலை வைத்தார்.

"ஈரமா இருக்கு. நீ ஊத்தினியா?"

"காலையில எதுக்கு ஊத்துவேன்? வேன்ல சிந்தும்."

அவர் கழுத்துச் சீட்டைக் கையில் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவருக்கே உரிய நிதானத்தோடு வாசித்தார்.

"'செடி கைக்கு வந்ததும் முதலில் வாழ்த்து அட்டையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். நனைந்தால் எழுத்து அழிந்துவிடும். பிறகு தண்ணீர் ஊற்றவும்.'"

பெரியவள் நிமிர்ந்தாள்.

"ரெண்டு வரிக்கும் பக்கத்துல பேனாவால டிக் போட்டிருக்கு" என்றார். "டாக்டர் போடுற டிக்."

பெரியவள் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். ஆயிரம் தொட்டிகளில் தன் கையாலேயே கட்டிய சீட்டு. தானே சொல்லி, தங்கை எழுதிய வரி. சொன்னவள் மறந்துவிட்டாள். எழுதியவள் மறக்கவில்லை. சொன்னபடி அட்டையை எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அதற்குத்தான் ஊர் பார்க்க அவளை இவள் வாட்டி எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

"போன் போடட்டுமா?" என்று அவள் கேட்டபோது, வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது.

சின்னவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். முகக்கவசம் இல்லை. அழுத முகமில்லை, கொதிக்கிற முகம்.

"உள்ள வா. உக்காரு" என்றாள் பெரியவள்.

"உக்கார வரல." கோட்டுப் பையிலிருந்து எட்டாவது அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். நான்கு மூலையும் வியர்வையில் மடங்கியிருந்தது. "காலையிலேர்ந்து இங்கதான் இருக்கு. படிச்சதும் போன் பண்ணியிருப்பேன். அழுதுட்டே எப்படிப் பேசுறது? எதிர்ல இருபது பேர் நிக்கிறாங்க. வேலை முடியட்டும், நேர்லயே வரலாம்னு இருந்தேன்."

"அப்போ அந்தத் தங்கக் கரை அட்டை?"

அதையும் எடுத்து எட்டாவது அட்டையின் பக்கத்தில் வைத்தாள். "எழுத்தப் பாரு."

பெரியவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. 'உரிமையாளர், பூக்கடை' என்று எழுதிய அதே கை.

"டைரக்டர் வெறுங்கைய வீசிட்டு வந்தாராம். நாலு பேர் முன்னாடி அவருக்கு மரியாதை குறையக் கூடாதாம். முள்ளு காலியா இருந்துதாம், இவரே எழுதிச் செருகிட்டாராம். கேட்டா, 'ஒரு பூத்தொட்டிக்கா இவ்வளவு?'ங்கிறாரு. நான் உள்ள வந்தவங்களுக்குப் பல் பாக்குற நாற்காலியக் காட்டிட்டு இருந்தேன், எதையும் பாக்கல."

"கடைத் தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சிருக்காரு நம்ம சகலை" என்றார் நிதானம்.

"சரி, தப்பு என் மேலதான்" என்றாள் பெரியவள். "தெரியாம பேசிட்டேன். விடு."

"எத விடறது?" சின்னவளின் குரல் உயர்ந்தது. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பதினாலு மாசமா என்னை அரிக்குது. அந்த ஆளு மறுபடி எப்பவாவது கேக்கணும், நாலு பேர் காதுல விழ 'எங்க அக்கா'ன்னு சொல்லணும்னு காத்துட்டு இருந்தேன். இன்னிக்குக் கேட்டாரு. வாயத் திறந்தேன். நீ மூடிட்ட!"

பெரியவள் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? 'அட்டை எங்கடி'ன்னு என்னைக் கேக்கக் கூடாதா? கேட்டிருந்தா பையிலேர்ந்து எடுத்துக் காட்டியிருப்பேனே!"

அவள் ஆர்க்கிட்டின் பக்கம் திரும்பினாள். உதட்டுக்குள் பூக்களை எண்ணினாள்.

"பதினொண்ணு இருந்துது. பத்துதான் இருக்கு."

"கதவுல மாட்டி..."

சின்னவள் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"செடிய எங்க எடுத்துட்டுப் போற?"

"'உன் செடிதான் இது'ன்னு நீதான எழுதியிருக்க? என் செடி, எடுத்துட்டுப் போறேன். இந்தத் தடவை யாரும் குப்பையில போட மாட்டாங்க."

"அட்டை?"

எட்டாவது அட்டை மேஜை மேலேயே கிடந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"இன்னிக்கு என் கிளினிக்குக்கு வந்தது பூக்கடைக்காரி. எங்க அக்கா வரல. அவ வர்றப்போ அவ கையால கொடுக்கச் சொல்லு, வாங்கிக்கிறேன்."

படி இறங்கிப் போய் டாக்சியில் ஏறினாள். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் வைக்க இடமில்லை. அங்கே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒரு பெரிய சூட்கேஸ் இருந்தது.

தெருமுனையில் அவள் வீட்டுக்குப் போக இடப்பக்கம் திரும்ப வேண்டும். டாக்சி வலப்பக்கம் திரும்பியது.

"சின்னவ வீட்டுக்குப் போகல! வேன் சாவி எங்க?" என்று கேட்டுக்கொண்டே நிதானம் ஓடினார்.

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஓடிப் பெரியவள் பார்த்ததில்லை. மேஜை மேலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்தக்கூட நினைவில்லாமல், அவளும் பின்னாலேயே ஓடினாள்.